டெல்லிக்குப் போன அக்கா

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போதிருக்கிற பிள்ளைகள்தான் நம்ப மாட்டார்கள். அவர்கள் காலையில் விமானம் ஏறி டெல்லியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கிறார்கள். நாம் சின்னவர்களாக இருந்தபோது, அதாவது எண்பதுகளின் நடுவில், ஆவடி குவார்ட்டர்ஸில் இரண்டே வகைக் குடும்பங்கள்தான் இருந்தன. டெல்லி பார்த்த குடும்பம், டெல்லி பார்க்காத குடும்பம்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர அரசாங்கமே ரயில் செலவைக் கொடுக்கும். எல்டிசி என்பார்கள். கன்னியாகுமரிக்குப் போனாலும் எல்டிசிதான். ஆனால் அப்படிப் போனவரை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. போனால் டெல்லி போக வேண்டும். செங்கோட்டை வாசலில் குடும்பமாக நின்று போட்டோ எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் அதை ஆல்பத்தில் ஒட்டி, ஆளுக்கு ஒரு துண்டு பூசணிக்காய் மிட்டாயும் கையுமாக வீடு வீடாகப் போய்க் காட்ட வேண்டும். அந்த ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் "உங்க பொண்ணு இதுல நல்லா விழுந்திருக்கா" என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறவும் இல்லை.

நாங்கள் குவார்ட்டர்ஸ்காரர்கள் இல்லை. என் அப்பா பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, வாடகைக்கு சைக்கிள் விடுவது. தொழிற்சாலையில் இருந்தவர் என் பெரியம்மாவின் வீட்டுக்காரர், பெரியப்பா. அவர்களுக்கு ஒரே பெண். எனக்கு அக்கா. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுக்குப் பதினேழு.

லீவு விட்டால் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். மாடிப்படி, வராந்தா, குழாயைத் திறந்தால் தண்ணீர், எல்லாம் எனக்கு அதிசயம்தான். ஆனால் போவது அக்காவுக்காக. அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மெஷின் கிடையாது. அதனால் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி என் முதுகில் அடித்துப் பழகுவாள். பத்து விரலும் குதிக்கும். என்ன அடித்தேன் சொல்லு என்பாள். நான் எதையாவது உளறுவேன். "நீ ஃபெயிலு" என்று முதுகில் ஒரு தட்டு தட்டி எழுப்பிவிடுவாள். அவளுடைய விரல்களில் எப்போதும் பவுடர் வாசனை இருக்கும்.

அந்த வருடம் பெரியப்பாவுக்கு எல்டிசி முறை. மே மாதத்துக்கு டெல்லி டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மூன்று பேருக்கு. குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. ஏப்ரலில்தான் கெட்டது எல்லாம்.

டைப்ரைட்டிங் வகுப்பு வாசலில் அக்கா ஒரு பையனோடு பேசிக்கொண்டு நின்றதை யாரோ பார்த்தார்கள். யாரோ வந்து சொன்னார்கள். பெரியப்பா அன்று இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார். எங்கள் பெரியப்பா குடிக்க மாட்டார், கடன் வாங்க மாட்டார், சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டார். அப்படிப்பட்டவர்தான் அடித்தார். வகுப்பை நிறுத்தியாயிற்று. அடுத்த வாரம் ஒரு காலையில் பால் வாங்கப் போன அக்கா திரும்பி வரவில்லை. பெரியப்பா பால் பூத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஜன்னல் கம்பியில் பை மாட்டியிருந்தது. பைக்குள் பால் அட்டை பத்திரமாக இருந்தது.

அந்தப் பையனோடுதான் ஓடிவிட்டாள் என்று பெரியப்பா நேராக வகுப்புக்குப் போனார். அந்தப் பையன் மெஷின் முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தானாம். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவளுடைய வீடு எங்கே என்றுகூடத் தெரியாதாம். இவர் விசாரித்த விதத்தில் பயந்துபோய் அழுதுவிட்டான். நான் இன்றைக்கும் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த இடத்தைத்தான். அவள் யாரோடும் போகவில்லை. தனியாகப் போயிருக்கிறாள்.

குவார்ட்டர்ஸில் கேட்டவர்களிடம், அக்கா பூந்தமல்லியில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாளாம். என் அப்பா கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் வேலப்பன்சாவடி, குத்தம்பாக்கம் என்று சொந்தக்காரர் இருக்கிற இடமெல்லாம் போய்ப் பார்த்தார். அங்கேயும் வெளிப்படையாகக் கேட்க முடியாது. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ரயிலுக்கு நாலு நாள் இருந்தபோது பெரியப்பா எங்கள் கடைக்கு வந்தார். அப்பா பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்றிருந்தேன். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வயதுக்கு மீறிய உயரம், ஒல்லி. தூரத்தில் பார்த்தால் அக்கா மாதிரியே இருப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"சகல, பொண்ண என்னோட அனுப்பு. டெல்லிக்கு இட்டுகினு போறேன்" என்றார்.

"இன்னாது?" என்றார் அப்பா.

"டிக்கெட்டு கீது. போகலன்னா ஏன் போகலன்னு கேப்பானுங்க. நாங்க ரெண்டு பேரு மட்டும் போனா, பொண்ணு எங்கன்னு கேப்பானுங்க. இது அவ தாவணியக் கட்டிகினு கூட வரட்டும். திரும்பி வந்து, பொண்ண அங்க தெரிஞ்சவங்க ஊட்ல வுட்டுட்டு வந்தோம், காலேஜ்ல சேக்கப் போறோம்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள அவளே வந்துடுவா."

அப்பா டியூபை தண்ணீரிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். "போலீசுல ஒரு வார்த்த சொல்லலாமே சகல?"

"போலீசுல சொன்னா ஃபேக்டரில தெரியும். ஃபேக்டரில தெரிஞ்சா குவார்ட்டர்ஸ் பூராத் தெரியும். நாள பின்ன அவ திரும்பி வந்தா எந்த மூஞ்சிய வச்சிகினு அங்க இருப்பா? அவளுக்கோசரம்தான் சொல்றேன்."

அவளுக்காகத்தான் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அதுதான் கொடுமை. என் அப்பா படிக்காதவர். தொழிற்சாலை உத்தியோகம் பார்க்கிற சகலையிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். சரி என்றார். நான் என்ன நினைத்தேன் என்றால், டெல்லி! வேறு ஒன்றுமே நினைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வேறென்ன நினைப்பு வரும், சொல்லுங்கள்.

விடியற்காலை புறப்பாடு. முந்தின நாளே என்னை இருட்டோடு இருட்டாக அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அக்காவின் கத்திரிப்பூ நிறத் தாவணியைப் பெரியம்மா எனக்குக் கட்டிவிட்டாள். தலையையும் கன்னத்தையும் சேர்த்து ஒரு துண்டால் சுற்றினாள். பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி என்று முந்தின நாளே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாயிற்று. அது ஒட்டிக்கொள்கிற வியாதி என்பதால் ஒருவரும் பக்கத்தில் வர மாட்டார்கள் என்பது பெரியப்பாவின் கணக்கு.

எதிர்வீட்டு அத்தை மட்டும் அந்நேரத்துக்கே எழுந்து வராந்தாவில் நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அக்காமேல் உயிராக இருப்பாள். "ஏட்டி, வீக்கம் எப்பிடி இருக்கு? வெயில்ல அலையாத, பாத்துப் போயிட்டு வா" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன். கையாட்டச் சொல்லி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆட்டோவில் ஏறியதும் "கெட்டிக்காரி" என்று பெரியப்பா என் தோளைத் தட்டினார்.

ரயிலில் இரண்டு ராத்திரி. புளிசோற்றுப் பொட்டலம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாயகன்ற பாட்டிலில் தக்காளித் தொக்கு. வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் பெரியப்பா மண்கூஜா வாங்கினார். அதில் ஊற்றிவைத்த தண்ணீர் மண்வாசனையோடு சில்லென்று இறங்கும். கதவுப் பக்கம் நின்றால் அடுப்பு வாயைத் திறந்து மூஞ்சியில் காட்டினாற்போல் அனல் அடிக்கும். டிக்கெட் பரிசோதகர் வந்து சார்ட்டைப் பார்த்து அக்காவின் பெயரைப் படித்தார். நான் "நான்தான்" என்று கையைத் தூக்க வேண்டும். தூக்கினேன். அவர் என்னையும் வயதையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியப்பாவின் நெற்றியெல்லாம் வேர்வை. பரிசோதகர் ஏதோ இந்தியில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெண்ணுக்கு நன்றாகச் சாப்பாடு போடுங்கள் என்று சொன்னதாகப் பக்கத்து சீட்காரர் மொழிபெயர்த்தார். அதைக் கேட்டுப் பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெல்லியில் கரோல் பாக் பக்கம் தமிழர் ஒருவர் நடத்திய லாட்ஜில் ஓர் அறை. கயிற்றுக் கட்டில் ஒன்று, அது பெரியம்மாவுக்கு. நானும் பெரியப்பாவும் தரையில். எல்டிசியில் ரயில் செலவு மட்டும்தான் கிடைக்கும், மற்றதெல்லாம் கைக்காசு. அதனால் காலையில் பம்ப் ஸ்டவ்வில் பெரியம்மா சோறு வடித்து, புளிக்காய்ச்சல் பிசைந்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். ஆட்டோ கிடையாது, டவுன் பஸ்தான். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் பாதி டெல்லியை நடந்தே பார்த்துவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் நடந்தேதான் பார்த்தோம்.

முதல் நாளே பெரியப்பா என் கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தார். "இது ஒன் செலவுக்கு. எல்லாத்துக்கும் என்னியக் கேக்கக் கூடாது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என் பணம். ஒரு தலைநகரத்தையே என் பத்து ரூபாய்க்குள் பார்த்து முடிக்க வேண்டும். தகர வண்டியில் ஐஸ் தண்ணீர் விற்பார்கள், கண்ணாடி டம்ளரில். வாங்கலாமா, மண்கூஜா இருக்கிற லாட்ஜுக்குப் போகிறவரை தாக்குப்பிடிக்கலாமா? வெள்ளரிக்காயைப் பிளந்து கறுப்பு உப்பு தடவித் தருவார்கள். முதல் கடியில் அழுகிய முட்டை நாற்றம், இரண்டாவது கடியில் விட மனசு வராது. அதை வாங்கினால் சிவப்புச் சாயம் ஊற்றிய ஐஸை விட வேண்டும். இப்படி ஒவ்வொரு கோட்டை வாசலிலும் நான் ராஜாக்களைவிடப் பெரிய யோசனையில் நின்றேன். செங்கோட்டைக்குள் பளிங்கு மண்டபத்தைப் பார்த்தேன், அதில் பூ வேலைப்பாட்டுக் கற்களைத் தோண்டி எடுத்த குழிகளைப் பார்த்தேன். ராஜா உட்கார்ந்த இடம் வெறுமையாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று இருந்தது. நிஜத்தில் எனக்கு வெளியே இருந்த ஐஸ் வண்டிதான் பிடித்திருந்தது.

அப்புறம் போட்டோ. பெரியப்பா யாரிடமோ இரவல் வாங்கிய கேமரா. செங்கோட்டை வாசலில் பெரியம்மாவை நேராக நிற்கவைத்தார். என்னை ஐந்தடி தள்ளி நிற்கச் சொன்னார்.

"நீ கோட்டையப் பாத்து நில்லு."

"நான் கேமராவப் பாக்குறேன் பெரிப்பா."

"பெரிப்பா இல்ல, அப்பா. மூஞ்சி வோணாம். ஜடைய முன்னால போட்டுக்காத, பின்னாலயே வுடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆல்பத்தில் அக்கா டெல்லியில் இருக்க வேண்டும். கத்திரிப்பூத் தாவணியும் ஒரு ஜடையும் போதும். செங்கோட்டையில் என் முதுகு, இந்தியா கேட்டில் என் முதுகு, ஹுமாயூன் சமாதியில் தூரத்தில் ஓர் உருவம். நான் டெல்லிக்குப் போனதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஓரிடத்தில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் பொத்தானை அழுத்துகிற நேரத்தில் சட்டென்று திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பெரியப்பா கேமராவைக் கீழே இறக்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா இப்டி பண்ற?" என்று மட்டும் கேட்டார். அதற்குப்பிறகு நான் திரும்பவே இல்லை.

ஒரு சாயங்காலம் சாந்தினி சவுக்கில் வளையல் கடை. பத்து ரூபாயில் மீதியிருந்ததை வைத்துக்கொண்டு பச்சைக் கண்ணாடி வளையலைப் பேரம் பேசினேன், பாஷை தெரியாமல் விரலால். கடைக்காரன் என் மணிக்கட்டைப் பிடித்து அளவு பார்த்தான். எனக்கு இல்லை, இதைவிடப் பெரிது வேண்டும் என்று ஜாடை காட்டினேன். பின்னால் நின்ற பெரியம்மா, "அவ கை என்னாட்டம். என் கைய அளவு பாக்கச் சொல்லு" என்று கையை நீட்டினாள். டெல்லிக்கு வந்தபின் அவள் அக்காவைப் பற்றிப் பேசியது அன்றுதான் முதல்முறை. ரயிலிலிருந்து இறங்கும்போது அந்த வளையல்களில் பாதி உடைந்திருந்தது.

குதுப்மினாருக்குப் போனது புதன்கிழமை. நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்று பிறகு சொல்கிறேன். கோபுரத்தின் மேலே ஏற விடவில்லை. பக்கத்தில் ஓர் இரும்புத்தூண் இருந்தது. மழையிலும் வெயிலிலும் நூற்றாண்டுக்கணக்கில் துருப்பிடிக்காமல் நிற்கிற தூணாம். அதில் முதுகைச் சாய்த்து நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தூணைக் கட்டிப்பிடிக்க வேண்டும். விரலோடு விரல் சேர்ந்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று கட்டிப்பிடித்துப் பிடித்தே, அந்த உயரத்தில் மட்டும் தூண் எண்ணெய் தேய்த்தாற்போல் மினுமினுவென்று இருந்தது.

நான் போனேன். என் நீளக் கைகளுக்கு லேசாகச் சேர்ந்துவிட்டது. என்ன வேண்டிக்கொண்டேன் என்பது இப்போது நினைவில்லை. நல்லதாக எதையாவது வேண்டிக்கொண்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஐஸாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு பெரியம்மா போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் தூணில் சாய்கிற மாதிரி சாய்ந்தாள். கைகள் சேரவில்லை. இரும்பு கொதித்திருக்கும். அவள் விடவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஏதோ யோசனை சொன்னார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தோள்களை முறுக்கினாள். இன்னும் நாலு விரல் இடைவெளி. பெரியப்பா கேமராவை என்னிடம் கொடுத்தார். தூணுக்குப் பின்னால் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். பொதுஇடத்தில் அவர் பெரியம்மாவைத் தொட்டு நான் பார்த்ததேயில்லை. இழுத்து, விரல் நுனியோடு விரல் நுனியைச் சேர்த்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் பெரியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பின்பக்கத்தில் அவரும் அழுததைப் பெரியம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பாஷை தெரியாத ஒரு கிழவர் வந்து பெரியப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் மரத்தடியில் டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டோம். இரண்டு பேரும் கொஞ்சம் தெளிந்திருந்தார்கள். "வந்துடுவா பாரு" என்றார் பெரியப்பா. "வந்துடுவா" என்றாள் பெரியம்மா. எனக்கு அன்று சிவப்பு ஐஸ் அவர்கள் காசில் கிடைத்தது.

திரும்பி வந்த ரயில் பல மணி நேரம் தாமதம். என்னைக் கூட்டிப்போக அப்பா சென்ட்ரலுக்கு வந்து, காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் என்னையும் ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரயிலிலேயே தாவணியைக் கழற்றி என் பாவாடை சட்டையை மாட்டிவிட்டாள் பெரியம்மா. யாராவது கேட்டால், நான் அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனவள். பொய் சொல்ல நான் நன்றாகத் தேறியிருந்தேன்.

பூட்டைத் திறந்து பெட்டியை உள்ளே வைக்கவில்லை, எதிர்வீட்டு அத்தை வந்துவிட்டாள். பெரியம்மா அவளைப் பேசவே விடவில்லை. மிட்டாய் டப்பாவைப் பிரித்தபடியே மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாள். கோட்டை எவ்வளவு பெரிது, வெயில் எவ்வளவு, பொண்ணுக்கு அந்த ஊர் எவ்வளவு பிடித்துப்போயிற்று, தெரிந்தவர்கள் வீட்டில் "இங்கயே இருந்து படிக்கட்டும்" என்று எப்படி வற்புறுத்தினார்கள், வரும்போது ரயிலடியில் அவள் எப்படி அழுதாள். டெல்லியிலிருந்து வருகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியது. ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தை மிட்டாயைக் கையில் வாங்கிக்கொண்டு, வாயில் போடாமல், முழுவதையும் கேட்டாள்.

"எல்லாம் சரி மதினி" என்றாள். "உம்ம பொண்ணு புதன்கிழமை இங்க வந்திருந்தாளே."

பெரியப்பா பெட்டியோடு நின்றுவிட்டார்.

"மத்தியானம் படியில உக்காந்திருந்தா. மொதல்ல ஆரோன்னு நெனச்சேன், அப்பிடி மெலிஞ்சு போயிருந்தா. ஏட்டி, நீ டெல்லியிலல்லா இருக்கன்னேன். முழிச்சா. துண்டக் கெட்டிக்கிட்டு எனக்குக் கையக் காட்டிட்டுப் போனியே, நான் கண்ணால பாத்தேனேன்னேன். கொஞ்ச நேரம் பூட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. பெறவு சிரிச்சா மதினி. அப்போ நான் டெல்லியிலதான் இருக்கேன் அத்தைன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்க வீட்டுல இருட்டின்னேன், சரின்னா. வெளக்கேத்திட்டு வந்து பாக்கேன், ஆளக் காணும்."

பெரியம்மா டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"சாப்ட்டாளா?" என்று கேட்டாள்.

"ரசஞ்சோறு குடுத்தேன். சாப்பிட்டா. தட்டக் கழுவி வச்சிட்டுத்தான் போனா."

புதன்கிழமை மத்தியானம். நாங்கள் தூணருகில் நின்றிருந்த நேரம்.

பெரியப்பா முகம்கூடக் கழுவாமல் படியிறங்கிப் போனார். அந்தக் கோடை முழுக்கத் தேடினார், அதற்குப்பிறகும் தேடினார். பஸ் நிலையங்கள், துணிக் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள். ஆனால் கையில் அக்காவின் போட்டோ இல்லாமல் தேடினார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? மகள் டெல்லியில் அல்லவா இருக்கிறாள். எதிர்வீட்டு அத்தை நல்ல மனுஷி. விஷயம் புரிந்ததும் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டால் "அது டெல்லியில படிக்கி" என்று அவளே பதில் சொல்லி எங்களைக் காப்பாற்றினாள். எல்லோரும் சேர்ந்து அப்படிக் காப்பாற்றியதில், அக்காவைத் தேட வேண்டும் என்பதே ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

விஷயம் தெரிந்த அன்றைக்குத்தான் என் அப்பா பெரியப்பாவிடம் முதலும் கடைசியுமாகச் சத்தம் போட்டார். "மூணு பேரும் பூட்டிகினு போனீங்களே! ஒருத்தரு ஊட்ல குந்திகினு இருந்தா இன்னா? போனவ எந்த ஊட்டுக்கு சகல வருவா?" பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். எனக்கு அப்போது அவர்மேல் பரிதாபமாக இருந்தது. இப்போது, அவருடைய வயதை நானும் தாண்டிவிட்ட பிறகு, கோபமாக இருக்கிறது. பரிதாபமும் போகவில்லை.

அதன்பிறகு அவர்கள் எல்டிசிக்கு எழுதிப்போடவில்லை. ஒருநாள்கூட வீட்டைப் பூட்டவுமில்லை. என் கல்யாணத்துக்குப் பெரியப்பா மட்டும் வந்தார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அவர் ரிட்டையர் ஆனார். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது சட்டம். முகப்பேரில் ஒரு ஹவுசிங் போர்டு வீடு பார்த்திருந்தார்கள். சாமான் கட்ட நான் போயிருந்தேன். பெரியம்மா எதையும் கட்டவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அத்தை எப்போதோ ஊர்ப்பக்கம் போய்விட்டாள். வழியனுப்ப நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். அதில் ஒரு பழைய ஆள், "டெல்லியில இருக்கிற பொண்ணு வரலையா, வீடு மாத்தறதுக்கு?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

பெரியப்பா லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

வீட்டுக்குப் புதிதாக வரப்போகிறவன், கல்யாணமாகாத சின்னப் பையன், சாவி வாங்கிக்கொள்ள வந்திருந்தான். பெரியம்மா எழுந்து போய் அவன் கையில் சாவியை வைத்தாள். கையை விடவில்லை.

"தம்பி, ஒரு பொண்ணு வந்து எங்களைக் கேக்கும். இருவத்தேழு, இருவத்தெட்டு வயசு இருக்கும். ஒல்லியா, என்னாட்டம் இருக்கும். வந்தா உள்ள கூப்ட்டு உக்கார வையி. முகப்பேர்ல கீறாங்கன்னு சொல்லு. என்னா வேலயா இருந்தாலும் வுட்டுட்டு, கையோட இட்டுகினு வா."

"யாரும்மா அது?"

பெரியம்மா சுற்றி நின்ற பெண்களை ஒரு முறை பார்த்தாள்.

"எம் பொண்ணு. காணாமப் போயி பதினோரு வருசம் ஆவுது. டெல்லியில எல்லாம் இல்ல."